இடது கண்

“படத்தை யாராவது தொட்டாளா?” என்று எட்டு வருஷத்துக்கு முன் மாமியார் லலிதாம்பாள் கேட்டபோது, விஷ்ணுப்ரியா இல்லையென்று தலையாட்டியிருந்தாள்.

தொட்டது அவள்தான். கிருஷ்ண ஜயந்திக்கு முதல் நாள் ஈரத்துணியால் துடைத்ததில், தஞ்சாவூர்ப் படத்துக் கிருஷ்ணனின் இடது கண் துணியோடு வந்துவிட்டது. கண்மையால் ஒன்று வரைந்து வைத்தாள்.

இன்று, பழைய படங்களை ஆராய்ந்து பதிவுசெய்யும் ஷெமி, புற ஊதா விளக்கும் கேமராவுமாக ஸ்ரீவராகத்து வீட்டுக்கு வருகிறாள். “பிற்பாடு பூசினதெல்லாம் அந்த வெளிச்சத்தில கறுப்பாத் தெரியும், சேச்சி,” என்று ஃபோனில் தன் மலையாளம் கலந்த தமிழில் சொல்லியிருந்தாள்.

விஷ்ணுப்ரியா காலையிலேயே தேங்காயெண்ணெய் தொட்டு மையைத் துடைத்தாள். மை கன்னத்தில் இறங்கியது. கிருஷ்ணன் யாரிடமோ அடி வாங்கியவன் போலிருந்தான். பவுடர் ஒற்றினாள், ஜுரத்தில் கிடந்தவன் போலானான். அவசரமாக வேறு கண் வரைந்தாள். அது வெண்ணெய்ப் பானையை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தது. கடைசியில் ஒரு முழம் பிச்சிப்பூவைச் சாத்தி மறைத்தாள்.

ஷெமி வந்ததும் முதலில் பூவைத்தான் எடுத்தாள்.

“மாமி, இந்தக் கண்ணு...”

“என் மாமியார் காலத்திலேர்ந்து யார் கையும் படாத படம். அப்படியே எழுதிக்கோ,” என்றாள் லலிதாம்பாள். எழுபத்தைந்து வயதிலும் ஓரத்தில் வால் இழுத்து மையிடுவாள். அது மறைந்துவிடுமென்று கண்ணாடி போடுவதில்லை. “இவகிட்டேர்ந்து காப்பாத்தறதுதான் பெரும்பாடு. கைக்கு நிதானமே கிடையாது.”

ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். ஊதா வெளிச்சம் படத்தில் விழுந்தது. விஷ்ணுப்ரியா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“நான்தாம்மா. தொடைக்கறச்சே கண் போயிடுத்து. மையால வரைஞ்சுட்டேன்.”

“எட்டு வருஷமா உன் கண்ணுக்கா நான் நைவேத்யம் காட்டிண்டிருந்தேன்? பொய் வேற. என் பிள்ளை மஹேஷ் ஆபீஸ்லேர்ந்து வரட்டும்.”

விஷ்ணுப்ரியாவுக்கு அந்த இருட்டு போதவில்லை.

“ஒரு நிமிஷம், மாமி,” என்று ஷெமி கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். “சேச்சி வரைஞ்சது இடது கண்ணுதானே? வலது கண்ணும் மைதான் கேட்டோ. ரொம்பப் பழசு. ஓரத்தில வாலு இழுத்து வச்சிருக்கு.”

திரையின் வெளிச்சம் லலிதாம்பாளின் முகத்தில் விழுந்தது. அவள் புடவைத் தலைப்பால் கண்ணோரத்து மை வாலை அழுத்தித் துடைத்துக்கொண்டே அறையைவிட்டுப் போனாள்.