ஜன்னலில் கரி இல்லை

சிலேசியா, டிசம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் யாத்விகா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உங்கள் புறாக்களும் சுகம். அங்கே கடற்காற்றில் காதை மூடிக்கொள்ளுங்கள்.

ஜன்னல் விளிம்பில் விழுந்த பனி மூன்று நாளாகியும் கரி படியாமல் வெள்ளையாகவே இருக்கிறது. முதலில் பார்த்தது நான்தான். அம்மா விரலால் தடவி, "இதென்னடி, மாவு மாதிரி இருக்கு?" என்று சந்தேகப்பட்டாள். சுரங்கத்தை மூடி, நீங்கள் கடலில் காற்றாலை நிறுவ ஜெர்மனிக்குப் போனபிறகு தெருவில் எல்லாரும் வீட்டைச் சூடாக்கும் கரியடுப்பைப் பிடுங்கிவிட்டார்கள், நம் வீட்டில் மட்டும்தான் பாக்கி, அதுவும் எரிவதில்லை, ஏனென்றால் சுரங்கத்தில் உங்களுக்குக் கொடுத்த கடைசிப் பங்கு நிலக்கரியை அம்மா நிலவறையில் பூட்டி, சாவியை மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள், நாங்கள் கோட்டு போட்டுக்கொண்டு சூப் குடிக்கிறோம். போன வாரம் அடுப்பு மாற்ற நகரசபை ஆள் வந்தார். வழக்கம்போல் நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நிலக்கரி என்பது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் புதைந்த காடாம். அந்த மரங்கள் காற்றிலிருந்து உறிஞ்சிய கரியமில வாயுவை நாம் எரித்துத் திரும்பக் காற்றில் விடுகிறோமாம். புகைக்கரி பனியோடு கீழே விழுந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத அந்த வாயு மேலேயே தங்கி பூமிக்குப் போர்வை போர்த்துமாம்.

"பூமிக்கே போர்வையா? அப்ப எங்க வீட்ல ஏன் சார் இப்படிக் குளிருது?" என்றாள் அம்மா.

"நீங்கதான் அடுப்பே மூட்டலையேம்மா!" என்றார் அவர்.

எதிர்வீட்டு ப்ரொங்கா அத்தை ஜன்னலிலிருந்து கத்தினாள்: "புருஷன் தோண்டின கரியாம், அவன் வந்துதான் பத்தவைக்கணுமாம். புதுப்பொண்ணு தோத்தா போ!"

அம்மா முகம் சிவந்து, அந்தக் கோபத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை அடுப்பு போகிறது. நிலவறைச் சாவியை மட்டும் தரவில்லை.

ஆகவே எதற்கும் கவலைப்பட வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பண்டிகை விருந்துக்கான கெண்டைமீனை உயிரோடு வாங்கி, அதுவரை குளியல்தொட்டியில் நாங்களே விட்டுக்கொள்வோம். அம்மா உங்களை நினைப்பதே இல்லை. மாதா உங்களைக் காக்கட்டும்.

மகள்,
யாத்விகா

பி.கு.: கடைசிப் பத்தி அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. அத்தனையும் பொய். சனிக்கிழமைதோறும் ஜன்னல் கழுவுகிற சாக்கில், ஷிஃப்ட் முடிந்து கண்ணோரம் மை தீட்டியதுபோல் கரியோடு நீங்கள் வருவதைப் பார்ப்பாளே, இன்று கழுவ அழுக்கே இல்லை. வாளியைப் பிடித்தபடி வெறும் தெருவைப் பார்த்து நின்றாள். அவள் தண்ணீர் மாற்றப் போனதும் நான் சாவியை எடுத்து, நிலவறையிலிருந்து ஒரு துண்டு நிலக்கரி கொண்டுவந்து, ஜன்னல் விளிம்பு முழுக்கத் தேய்த்துவிட்டேன்.