எனக்குச் சம்பந்தமில்லாத கட்டி

என் இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது. அது என் மனைவிக்குத் தெரியக் கூடாது என்று முடிவெடுத்தேன். என் வாழ்க்கையில் நானாக எடுத்த மூன்றாவது முடிவு அது. முதல் இரண்டும் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தவை.

என் பெயர் சம்பந்தம். ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரம். முள்ளிப்பட்டில் பதினோரு வீட்டுத் தறிகளுக்கு நெய்யப் பாவு நூல் கொடுத்து, சேலையாகத் திரும்ப வாங்குகிறேன். வயது நாற்பத்தொன்பது. எடை தொண்ணூற்று நாலு கிலோ. அதில் கணிசமான பங்கு நெஞ்சில்தான். சட்டையில்லாமல் மாடிப்படி இறங்கினால் நான் நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டிருக்கும். ஊர்த் திருவிழாவில் எல்லோரும் துண்டை இடுப்பில் கட்டுவார்கள். நான் போர்த்திக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சோப்பு போடும்போது கை ஓர் இடத்தில் இடறியது. காம்புக்கு நேர் கீழே, கொட்டைப்பாக்கு அளவு. அழுத்தினால் வலித்தது. அழுத்தாவிட்டால் பயமாக இருந்தது. அதனால் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"உள்ள இன்னா பண்றீங்க? தண்ணி தீந்துடும்!" என்று வெளியே இருந்து என் மனைவி குணசுந்தரி குரல் கொடுத்தாள்.

"குளிச்சிகினு இருக்கேன்!"

"ஒரு மணி நேரமாவா? ஜல்தியா வாங்க!"

அவளிடம் சொன்னால் டாக்டரிடம் இழுத்துப் போவாள். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்வார். பெயர் சொல்லாத வரைக்கும் அது வெறும் கட்டிதானே?

கடையில் உட்கார்ந்து போனில் தேடினேன். முதல் வீடியோவிலேயே, "ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரலாம்" என்று ஒருவர் சிரித்த முகத்தோடு ஆரம்பித்தார். போனைக் கவிழ்த்துவிட்டேன். வந்திருந்த வாடிக்கையாளருக்கு அரக்குச் சேலை என்று பச்சையை விரித்துக் காட்டினேன். அவர் போனதும் வேறு வீடியோ தேடினேன். உடம்பு இளைத்தால் மார்பும் இளைக்கும் என்று ஒரு புண்ணியவதி சொன்னார். பிடித்துக்கொண்டேன். நாற்பது நாள். உடம்பு இளைக்கும், மார்பு இளைக்கும், கட்டியும் போகும். குணாவுக்குத் தெரியாமலே எல்லாம் முடிந்துவிடும்.

தறி பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, காலையில் முள்ளிப்பட்டுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி ஏரிக்கரை மேல் நடந்தேன். சாயங்காலம் வீட்டில் சேலை வைக்கிற அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்டால். முதல் தண்டால் நன்றாக ஞாபகமிருக்கிறது. இறங்கினேன். ஏறவில்லை.

"உள்ள இன்னா சத்தம்?" என்றாள் குணா.

"ஒண்ணுமில்ல. பாவு விழுந்துச்சு."

"பாவு விழுந்தா 'அய்யோ அம்மா'ன்னு கத்துமா?"

"அது நானு. பாவு விழுந்துச்சேன்னு கத்தினேன்."

"ஓகோ" என்றாள். குணாவின் 'ஓகோ'வுக்கு நான் எப்போதும் பயப்படுவேன். அன்று அதைவிடப் பெரிய பயம் ஒன்று கைவசம் இருந்ததால் விட்டுவிட்டேன்.

இருபத்தைந்து நாளில் ஆறு கிலோ குறைந்தது. சட்டை தொளதொளத்தது. வலது மார்பு மரியாதையாக உள்வாங்கிக்கொண்டது. இடதும் இளைத்தது. கட்டி மட்டும் இளைக்கவில்லை. சுற்றியிருந்த கொழுப்பு கரைந்ததும், ஏரி வற்றினால் பாறை தெரிகிற மாதிரி முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சாப்பிடாததால் இன்னும் இளைத்தேன். இளைக்க இளைக்கக் கட்டி இன்னும் நன்றாகத் தெரிந்தது. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, நான் செத்த பிறகு எந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவார்கள் என்று யோசித்தேன். எல்லாப் போட்டோவிலும் நான் குண்டாக இருந்தேன்.

அந்த வாரம்தான் டிவி என்னைக் காட்டிக்கொடுத்தது. என் போனும் வீட்டு டிவியும் ஒரே யூடியூப் கணக்கில் ஓடுகின்றன என்பது எனக்குத் தெரியாது. வத்தக்குழம்பு வீடியோ போட குணா யூடியூபைத் திறந்தாள். திரை முழுக்க வரிசையாக நின்றன: 'எடை குறைந்தால் மார்பு அளவு குறையுமா?' 'உடற்பயிற்சியால் மார்பு சிறியதாகுமா?' 'மார்பைக் குறைக்க பத்து வழிகள்'.

குணா ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"இதெல்லாம் யாருங்க பாத்தது?"

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். பயத்தில் மூளை நின்றுவிட்டது. வாய் மட்டும் ஓடியது.

"உனக்காகத்தான் குணா! நீ தினம் கோட்டை மைதானத்துல வாக்கிங் போயிகினு இருக்கியே. இளைச்சா அங்கயும் இளைக்குமோன்னு... ஒரு அக்கறைல..."

சொல்லி முடிக்கும்போதே, கட்டி என்னைக் கொல்வதற்கு அவசியமிருக்காது என்று புரிந்தது. ஆனால் குணா கத்தவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நெஜம்தாங்க. ரவிக்கையெல்லாம் லூசாயிடுச்சு. பிடிச்சுத் தைக்கணும்னு தையக்காரம்மாகூட சொன்னாங்க."

"ம்... பாத்தியா!"

"நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். எனக்கு அங்க ஒரு சந்தேகம். வேலூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். வியாழக்கிழமை போலாம். தனியா போவ பயமா இருக்குது. கூட வர்றீங்களா?"

உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன்.

"இன்னா சந்தேகம்? கட்டியா? வலிக்குதா?"

"டாக்டர் பாத்து சொல்லட்டும். இப்ப ஏன் பேஜார்?" என்று எழுந்து போய்விட்டாள்.

அந்த மூன்று நாளை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. என் கட்டியை மறந்தே போனேன். நான் சொன்ன பொய்தான் அவளைப் பிடித்துக்கொண்டது என்று தோன்றியது. அவள் தோசை வார்ப்பதை நின்று பார்த்தேன். துணி காயப்போடுவதைப் பார்த்தேன். அவள் குனிந்தால் ஓடிப் போய்ப் பக்கெட்டைத் தூக்கினேன். "இன்னா புதுசா?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் அழுகை வரும் போலிருந்தது. அதனால் பக்கெட்டோடு மாடிக்குப் போய்விட்டேன். துணிக்கொடி கீழேதான் இருந்தது.

வியாழக்கிழமை வேலூர் பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

டாக்டர் எழிலரசியின் ஆஸ்பத்திரியில் முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண் என்று நான் ஒருவன். எல்லோரும் என்னைக் கனிவாகப் பார்த்தார்கள், மனைவிக்காக வந்திருக்கிற நல்ல மனுஷன் என்று. நானும் நல்ல மனுஷன் மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.

நர்ஸ் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். "சம்பந்தம்! சம்பந்தம் யாரு?"

"நான் இவங்க வீட்டுக்காரர்தாங்க. பேஷண்ட் பேரு குணசுந்தரி" என்றேன்.

"இல்ல சார். சம்பந்தம், நாப்பத்தொம்பது வயசு, இடது மார்ல கட்டி. நீங்கதானே?"

முப்பது தலைகள் திரும்பின. "எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும்..." என்று ஆரம்பித்தேன். குணா பின்னாலிருந்து என் முதுகில் கை வைத்து, அறைக்குள் தள்ளிவிட்டாள்.

டாக்டரம்மா பரிசோதித்தார். பக்கத்து அறையில் ஸ்கேன் எடுத்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். டாக்டர் ஸ்கேனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. புத்துநோய் இல்ல. ஆம்பளைங்களுக்கும் மார்ல கொஞ்சம் சுரப்பி இருக்கும். இந்த வயசுல சில பேருக்கு அது வீங்கும். நீங்களா கடைல வாங்கிப் போடற மாத்திரை எதுனா இருந்தா நிறுத்துங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க, பாத்துக்கலாம்."

"டாக்டர், நான் ஆறு கிலோ எறக்கினேனே, இது ஏன் கரையல?"

"எடை குறைஞ்சா மார்ல இருக்கற கொழுப்பு குறையும். ஆம்பளைக்கும் அப்படித்தான், பொம்பளைக்கும் அப்படித்தான். ஆனா எந்த எடத்துல குறையணும்னு நாம உத்தரவு போட முடியாது. தண்டால் எடுத்தா அடியில சதை கெட்டியாகும், அவ்ளோதான். இது கொழுப்பே இல்ல, சுரப்பி. இதைப் பயமுறுத்தி இளைக்க வைக்க முடியாது. நடக்கறத மட்டும் விடாதீங்க."

புற்று இல்லை என்ற பிறகு அவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் தண்ணீர் கொடுத்தார். முழுதாகக் குடித்துவிட்டு எழுந்தபோது, டாக்டர் என்னைத் தாண்டி குணாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க எப்படிம்மா இருக்கீங்க? தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாருக்கேன் டாக்டர்" என்றாள் குணா.

ஆரணி பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனது. பிறகு கேட்டேன்.

"எனக்குக் கட்டின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தூக்கத்துல கூட அதையே அமுக்கிகினு இருந்தீங்க. கூப்பிட்டா வர மாட்டீங்க. எனக்குன்னு சொன்னா வருவீங்கன்னு தெரியும்."

"சரி, அந்த டாக்டருக்கு உன்னை எப்படித் தெரியும்?"

குணா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன வருஷம் எனக்கும் ஒரு கட்டி வந்துச்சு. தனியா வந்து காட்டினேன். வெறும் நீர்க்கட்டின்னு சொல்லிட்டாங்க."

நான் ஒரு மாதமாகச் சுமந்த பயத்தை இவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். ஏரிக்கரை இல்லை, தண்டால் இல்லை. தினமும் எனக்குச் சோறும் போட்டிருக்கிறாள்.

"ஏன் குணா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க எனக்கு முன்னாடி போய்ச் சேந்துடுவீங்க. பெரணமல்லூர்ல எங்க சித்தப்பா பேத்தி கல்யாணம்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"அப்போ அந்தக் கல்யாணம்?"

"அப்படி ஒரு பேத்தியே இல்லீங்க. நீங்கதான் அன்னிக்கு ராத்திரி, மாப்பிளைய எனக்கு நல்லாத் தெரியும், தங்கமான பையன்னு சொன்னீங்க."