உட்கார்ந்தபடியே நடந்த பேண்ட்

என் பேண்ட்டுக்கு வேர்க்குரு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை. மனைவி அதைக் கொடியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். உட்காரும் இடம் முழுக்கக் கடுகு கடுகாக உருண்டைகள்.

“என்னங்க இது?”

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் நான். மில்லில் துணி சோதிக்கிற லேப் என் ராஜ்ஜியம். துணியில் ஏன் உருண்டை கட்டுகிறது என்பது எனக்கு அத்துப்படி. என்ன, இதுவரை யாரும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

“பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்து நெய்த துணி இது,” என்று ஆரம்பித்தேன். “இழை குட்டையா இருந்தா நுனி வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும். நூல்ல முறுக்கு கம்மின்னா இன்னும் மோசம்.”

“உங்களுக்கு முறுக்கு ஒண்ணும் கம்மி இல்லையே!”

“குறுக்கே பேசாதே. நெசவும் நெருக்கமா இருக்கணும். இல்லைன்னா உரச உரச அந்த நுனியெல்லாம் ஒண்ணோடொண்ணு சிக்கி உருண்டையாகும். வெறும் விஸ்கோஸ்னா உருண்டை சீக்கிரம் உதிர்ந்துடும். பாலியஸ்டர் கெட்டி. பிடிச்சா விடாது.”

“என்னை மாதிரி.”

“ஆமா... இல்லை!”

“அப்போ உரசுற இடத்துலதான் வருமா?”

“அங்க மட்டும்தான் வரும்!”

அந்த ‘மட்டும்’தான் என்னைக் கவிழ்த்தது.

விஷயம் இதுதான். எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். அதற்கென்றே மனைவி வாங்கித் தந்த பேண்ட் அது. தினமும் காலையில் அதை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போவேன். போவேன் என்பது சத்தியம். அங்கே ஒரு சிமெண்ட் பெஞ்சு. மாடி வீட்டு மெக்கானிக் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

“நடந்தா தொடையும் தொடையும்தானே உரசணும்? அங்க வழவழன்னு புதுசா இருக்கு. உட்கார்ற இடம் மட்டும் ஏன் இப்படி?”

“அது... தொடைப் பக்கம் கொஞ்சம் மெதுவாத்தான் வரும்.”

“சரி, வரட்டும். பார்க்கலாம்,” என்றாள், ரொம்பச் சாதுவாக.

அன்று முழுக்க யோசித்தேன். ஒரு மகத்தான திட்டம் உதித்தது. வேண்டியது உரசல்தானே? அதற்கு நான் எதற்கு நடக்க வேண்டும்? துணியை உரசிப் பார்க்கவென்றே லேப்பில் ஒரு மெஷின் இருக்கிறது!

திங்கட்கிழமை சாப்பாட்டுப் பையில் பேண்ட்டைச் சுருட்டி எடுத்துப் போனேன். இடைவேளையில் லேப்பில் ஈ, காக்காய் இல்லை. ஒரு தொடையை மெஷினில் மாட்டி ஓடவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். என் பேண்ட் எனக்காக மைல் கணக்கில் நடந்தது. அப்புறம் அடுத்த தொடை. உருண்டைகள் மணி மணியாக எழும்பின. விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்த பிறகு மனுஷனுக்குக் கால் எதற்கு?

சாயங்காலம் நானே போய் நீட்டினேன். “பாரு, வந்துடுச்சு!”

பார்த்தாள். தடவினாள். சமையலறையிலிருந்து ஒரு டப்பா மூடியை எடுத்து வந்து உருண்டைகள் மேல் வைத்தாள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. அடுத்த தொடையிலும் வைத்தாள். அங்கேயும் அப்படியே.

“காம்பஸ்ல போட்ட மாதிரி ரெண்டு வட்டம். எப்படிங்க?”

“மைதானம் வட்டம்தானே! வட்டமாத்தானே நடந்தேன்!”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அடுத்த தடவை ரிப்போர்ட் வரும்போது டாக்டர் உங்களைப் பார்க்க மாட்டார். என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையை உங்க லேப்ல எந்த மெஷின்ல மாட்டறதுங்க?”

நான் டப்பா மூடியை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் கிளம்பினேன்.

“நாளையிலேருந்து நானும் வர்றேன்,” என்று பேண்ட்டை மடித்து வைத்தாள்.

வந்தாள். பெஞ்சைத் தாண்டும்போது மெக்கானிக், ரயிலேறிப் போகிறவனுக்குக் காட்டுவது போல எனக்குக் கையாட்டினார். முதல் சுற்றில் மூச்சு வாங்கியது. அடுத்த சுற்றில் நாக்கே வெளியே வந்துவிட்டது. அவளோ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

ஆனால் பாருங்கள், உடம்பு பழகிவிடுகிறது. கொஞ்ச நாளில் பேசிக்கொண்டே நடக்க முடிந்தது. தொடையில் கோணல்மாணலாக நிஜ உருண்டைகள் வந்தன. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். மனைவியைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தார்.

மறுநாள் நடக்கும்போது மனசு விட்டுக் கேட்டேன். “அது சரி, இழை, முறுக்கு, நெசவு, உரசல்னு அன்னிக்கு நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாம கேட்டுத்தானே என்னையே மடக்கினே? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் பேச்சை நீ இவ்வளவு கவனமாக் கேட்டதே இல்லையே!”



“அன்னிக்குக் கரண்ட் இல்லைங்க,” என்றாள், வேகம் குறையாமல். “டிவியும் ஓடலை, மிக்ஸியும் ஓடலை. நீங்க ஒருத்தர்தான் ஓடிக்கிட்டு இருந்தீங்க.”