ஆஸ்திரேலியாவை ரசத்தால் அளந்தவர்

ஆஸ்திரேலியா தேசம் முழுவதையும் ரசத்தால் அளந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். டில்லி சாணக்யபுரியில் நான் கிளாஸ் கழுவுகிற ஹோட்டலில் ஒயின் பிரிவுக்குப் பொறுப்பாளர் அவர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும். எங்களுக்கு அவர் ரசம் சார்.

திருநெல்வேலிக்காரர். ஒயினை ஒரு சொட்டுக்கூட விழுங்க மாட்டார். வாயில் வைத்து, கண்ணை மூடி, கொப்பளித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் சொம்பில் துப்பிவிடுவார். துப்புவது அந்தத் தொழிலின் வழக்கம்தானாம். சொம்பு மட்டும் இவருடைய வழக்கம். விழுங்காததற்குக் காரணம் துவாரகாவில் அவர் வீட்டில் இருந்தது. அவர் மனைவி நர்ஸ். தினமும் பிளாட் வாசலிலேயே நிறுத்தி, "எங்க, ஊதுங்க" என்பாராம்.

"டிராஃபிக் போலீஸுக்குக்கூட மெஷின் வேணும்வே. இவ மோந்து பாத்தே துப்புனதா விழுங்குனதான்னு சொல்லிருவா" என்று என்னிடம் புலம்புவார்.

ஆஸ்திரேலியாவிலிருந்து நாலு கம்பெனிகளின் ஒயின் எங்களுக்கு வரும். லேபிளில் உள்ள பெயரை அவர் சொல்லவே மாட்டார். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அது பெரிய வசதி.

"இவன் கல்யாண வீட்டுக்காரன். வெயில் ஊரு. பழம் முத்தி, கறுப்பா, கெட்டியா, எல்லாத்தையும் இலையில கொட்டிருவான். ரெண்டாவது கிளாஸ்ல திகட்டிரும். இவன் தைலக்காரன். தோட்டத்தைச் சுத்தித் தைல மரம். அந்த வாசனை அப்படியே திராட்சையில ஏறிருக்கு. ஜலதோஷத்துக்கு நல்லது. இவன் மரக்கடை. புதுப் பீப்பாயில ஊறப்போட்டு, பழத்தையே காணாமப் பண்ணிட்டான். இவன் மலைக்காரன். குளிர்ந்த ஊரு. தெளிவா இறுத்த ரசம்வே! தட்டுல ஊத்தினா அடியில இருக்க பூ தெரியணும்."

ஒரு வருஷத்து ஒயினை வைத்து மார்க் போட மாட்டார். மூன்று வருஷத்துப் பாட்டில்களை வரிசையாக வைப்பார். "ஒருநாள் நல்ல ரசம் யாரு வேணா வச்சிரலாம். மழை ஏமாத்துன வருஷத்துலயும் வச்சான் பாரு, அவன்தான் சமையல்காரன்."

எனக்கும் அவருக்கும் இருந்த ஒரே சண்டை சோப்பு. ஒரு தடவை நான் துடைத்து அடுக்கிய நாற்பத்தெட்டு கிளாஸையும் மோந்து பார்த்துத் திருப்பி அனுப்பினார். "என்னவே, மலைக்காரனைக் குளிப்பாட்டியா கொண்டாந்திருக்க?" அன்றிலிருந்து ஒவ்வொரு கிளாஸையும் கழுவுவதற்கு முன்னும் பின்னும் நானும் மோந்து பார்ப்பேன். பழகப் பழக, காலிக் கிளாஸே யார் வந்து போனது என்று சொல்லிவிடும்.

போன வருஷம் காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துவிட்டு வந்தார். வந்த அன்றைக்கு, அவசரத்தில் நான் சரியாக அலசாத கிளாஸ் ஒன்று அவர் கையில் சிக்கியது. மோந்தார். "நல்லாருக்குவே" என்று வைத்துவிட்டார்.

நான் எடுத்து மோந்தேன். சோப்பு வாசனை குப்பென்று அடித்தது.

சாயங்காலம் தொட்டிப் பக்கம் அவரே வந்தார். "புளிப்பு தெரியுது, கசப்பு தெரியுது. வாசனை மட்டும் போயிருச்சுவே. மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். நாளைக்கு நாலு பாட்டிலுக்கும் லேபிள் தெரியாம துணி சுத்தி வைக்கப்போறாங்க. வருஷம் பூரா எதை ஊத்தணும்னு நான் சொல்லணும். நீ மோந்து பாத்து, கிளாஸை வைக்கும்போது எவன்னு மட்டும் காதுல சொல்லிரு."

நாலு பேர் முன்னால் தும்மக்கூடக் கூச்சப்படுகிறவன் நான். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன்.

மறுநாள் மேனேஜரும் மூன்று அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கிளாஸை வைத்து, "மரக்கடை" என்று முணுமுணுத்தேன். பீப்பாய் கொஞ்சம் அதிகம் என்று சார் இங்கிலீஷில் கம்பீரமாகச் சொன்னார். அடுத்தது, "தைலம்." மேனேஜர் என்னை முறைத்து, "க்யா போல் ரஹா ஹை யே?" என்றார். இவன் என்ன சொல்கிறான் என்று அர்த்தம்.

"ஜபம் பண்றான் சார், ரொம்ப பக்தி" என்று சார் இந்தியில் சமாளித்தார்.

மூன்றாவது, "கல்யாணம்." மிச்சம் ஒருவன்தானே என்று சாருக்குத் தைரியம் வந்துவிட்டது. நாலாவது கிளாஸை நான் வைப்பதற்கு முன்பே, மலைக்காற்று, பனி, தெளிவு என்று புகழ ஆரம்பித்துவிட்டார். நான் கிளாஸை மோந்தேன். ஈரச் சாக்கு நாற்றம். கார்க் கெட்டுப்போன பாட்டில். அதிகாரிகள் கிளாஸைத் தூக்கிவிட்டார்கள்.

"சார், கெட்டுப்போச்சு சார்! வேற பாட்டில் திறங்க!"

அது என் குரல்தான் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் மூக்கைப் பிடித்திருந்தது புரிந்தது. அவரும் மோந்து முகத்தைச் சுளித்தார்.

சார் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். எழுந்து நின்று இந்தியில் சொன்னார். "என் மூக்கு போயிருச்சு சார். இதுவரைக்கும் பேசினது இவரோட மூக்கு." என்னை அவர் 'இவர்' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

வேறு பாட்டில் திறந்தார்கள். மலைக்காரன்தான் ஜெயித்தான். மேனேஜர் சாரைத் தனியாகக் கூப்பிட்டு, "தீன் மஹீனா" என்றார். மூன்று மாதத்தில் மூக்கு திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

மூக்கைத் திரும்பப் பழக்க, மனைவி சொன்னபடி சார் தினமும் கிராம்பையும் எலுமிச்சைத் தோலையும் மோந்துகொண்டிருந்தார். என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். அவருக்கு வைக்கும் ஒரு கிளாஸில் மட்டும் ஒரு துளி சோப்பை அலசாமல் விட்டேன். மறுவாரம் இரண்டு துளி. "நல்லாருக்குவே" என்பார் பாவம், ஒவ்வொரு நாளும். நான் திரும்பிக்கொள்வேன்.

மூன்றாவது மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும். அடுக்களையே அதிரும்படி ஒரு சத்தம்.

"என்னவே, கிளாஸ் கழுவுறியா, வேட்டி துவைக்கிறியா?"

ஓடிப்போய் அந்தக் கிளாஸை வாங்கிவந்து அலசிக் கொடுத்தேன். மோந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். மறுபடி அலசினேன். மறுபடி திருப்பினார். மூன்றாவது தடவை வாங்கி வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை திருப்பியிருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.