லூசி கல்யாணத்தில் உப்புப் பார்த்தது நான்தான்

பிரிக்பீல்ட்ஸ்
3 பிப்ரவரி 1937

அன்பும் பொறுமையும் மிகுந்த மைத்துனர் கொர்னேலியஸ் அவர்கள் சமூகத்துக்கு, மரியநாயகம் எழுதிக்கொள்வது. தேவகிருபையால் நானும் உங்கள் தங்கை உர்சுலாவும் சுகம். கிள்ளானில் நீங்கள் எல்லாரும் தாகம் தணிந்து சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

திங்கட்கிழமை உங்கள் மகள் லூசியின் கல்யாணத்தில் ஆட்டுக்கறியைக் கெடுத்தது சமையற்காரர் நாகையா அல்ல, நான்தான். போன வருஷம் கன்னத்தில் புற்று வந்து, ரேடியம் ஊசி குத்திக் குணமாகி வந்தேனே, டாக்டர்கூட ‘லக்கி மேன்’ என்று கைகொடுத்தாரே, அன்றிலிருந்து என் வாயில் எச்சில் ஊறுவதில்லை, உப்பு புளி காரம் ஒன்றும் தெரிவதில்லை, கறியும் காகிதமும் ஒன்றுதான். உயிர் பிழைத்தவன் நாக்கைப் பற்றிக் குறைப்பட்டால் நன்றிகெட்டவன் என்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. இருபது வருஷமாக நம் ஜனங்களின் விருந்துகளில் உப்புப் பார்க்கிற மரியாதையை விடவும் மனம் வரவில்லை.

நாகையா கறிச்சாற்றை என் உள்ளங்கையில் ஊற்றி, “அண்ணே, உப்பு பாத்துச் சொல்லுங்க” என்றார். எப்போதும் ‘சரி’ என்றே சொன்னால் சந்தேகம் வருமே என்று கண்ணை மூடி யோசித்து, “ஒரு பிடி கொறையுது” என்று சொல்லித் தொலைத்தேன். அவர் தயங்கினார். “போடுங்க, நான் சொல்றேன்ல!” என்றேன். சமைக்கும்போது தாம் ருசி பார்ப்பதில்லை என்று விரதம்போல் வைத்திருக்கும் மனுஷர், போட்டுவிட்டார். உங்கள் சம்பந்தி மூன்று செம்பு தண்ணீர் குடித்தார், பங்குச் சாமியார் கண்ணை மூடி அசையாமல் இருந்தார், ஜெபம் என்று நினைத்தேன், நான் மட்டும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டதைப் பெருந்தன்மை என்று நாலுபேர் மெச்சினார்கள். நீங்கள் நாகையாவைத் திட்டியபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் உர்சுலா நின்றாள். “நான் பாத்தப்போ சரியாத்தானே இருந்துச்சு” என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, மச்சான்.

உர்சுலா வேளைக்கு வேளை “எப்படியிருக்கு?” என்று என் வாயையே பார்த்து நிற்கிறாள். நாக்கு நன்றாக இருந்த காலத்தில் ஒரு நாளாவது அவள் சமையலை நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கே அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து நாகையாவிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கப்போகிறேன்.

லூசிக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஆண்டவர் அவர்கள் பசிக்குச் சோறும் சோற்றுக்கு ருசியும் தருவாராக.

இப்படிக்கு,
மரியநாயகம்

பி.கு.: உர்சுலா இப்போதுதான் மீன்குழம்பு கொண்டுவந்து வைத்து, “எப்படியிருக்கு?” என்றாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இப்படி ஒரு கொழம்பு நான் சாப்பிட்டதே இல்ல” என்று வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள். ஆகையால் மேலே கண்ட எதையும் உங்கள் தங்கையிடம் மூச்சு விடாதீர்கள். நாகையா மேல் குற்றமில்லை, உங்கள் வீட்டுக் கிணற்றில்தான் கடல்தண்ணீர் ஏறிவிட்டது என்று கிள்ளான் முழுக்கச் சொல்லிவிடுங்கள்.