சுண்ணாம்புக் கதவு

"இதுல வாசல் எங்க இருக்கு?" என்று கேட்டாள் தையற்கார அக்கா. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

ஆர்க்கிடெக்ட் அதை மெதுவாக நேராகத் திருப்பினான். "இதோ, இதுதான் வாசல்க்கா."

"இதுவா? நான் ஏதோ ஊக்குன்னுல்ல நெனச்சேன்."

"கதவு திறக்குறத அப்படித்தான் வரைவாங்க. கால் வட்டமா."

அவள் வரைபடத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். துணி மடிக்கிற கை. அவன் கொண்டுவந்ததைவிட அழகாக மடிந்திருந்தது. "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா புரியாத எதுலயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எங்க அக்கா அப்படிப் போட்டுத்தான் இன்னிக்கு வரைக்கும் எங்க மாமாகூட குடும்பம் நடத்துறா."

அது இருபத்தேழாவது வீடு. தெருவில் மொத்தம் முப்பத்திரண்டு வீடுகள். இதுவரை கிடைத்த கையெழுத்து ஒன்று. அது அவனுடைய மனைவி போட்டது.

தெருக்கோடியில் ஒரு காலி மனை இருந்தது. நடுவே குடை விரித்ததுபோல் ஒரு பெரிய மரம். மனையைச் சும்மா விட்டுவைக்கப் போவதில்லை என்று நகராட்சி சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தெருவுக்குப் பொதுக்கூடம் கட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் காலி மனை குப்பை லாரிகள் நிற்கிற இடமாகிவிடும்.

வரைபடத்தை இலவசமாகப் போட்டுத் தருவதாக அவனே முன்வந்தான். ஏழு வருடத் தொழிலில் அவன் பதினோரு குளியலறைகளும், நான்கு சுற்றுச்சுவர்களும், ஒரு பல் மருத்துவருக்கு மாடிப்படியும் வடிவமைத்திருந்தான். ஜனங்கள் முன்வாசல் வழியாக நுழைந்து, உட்கார்ந்து, பேசிவிட்டுப் போகிற கட்டடம் ஒன்றுகூட இல்லை. இந்தக் கூடத்தை அவன் கனவில் பலமுறை கட்டியிருந்தான். கனவில் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

"என்ன இன்ஜினியர் தம்பி, எத்தனை ஆச்சு?" என்று கேட்டார் தெருச் சங்கத்தின் செயலாளர். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். விசில் இன்னும் கழுத்தில் தொங்கியது.

"ஒண்ணு. அப்புறம், நான் இன்ஜினியர் இல்ல சார். ஆர்க்கிடெக்ட்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல சார். கட்டடத்த நிக்க வைக்கிறவர் இன்ஜினியர். மனுஷங்கள அதுக்குள்ள ஆசையா உக்கார வைக்கிறவர் ஆர்க்கிடெக்ட்."

"சரி இன்ஜினியர் தம்பி" என்றார் செயலாளர்.

வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை மேஜைமேல் எறிந்தான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சீட்டுல நான் எழுதிக் குடுத்தா யாருக்கும் புரியாது" என்றாள். "மாத்திரைய கையில எடுத்துக் காட்டி, இது காலைல, இது ராத்திரின்னா உடனே புரியும். நீங்களும் எடுத்துக் காட்டுங்களேன்."

"கட்டடத்த எப்படிடி எடுத்துக் காட்டுறது?"

"தரையில வரைங்க. நெசமான அளவுல."

திங்கட்கிழமை விடிந்ததும் கயிறும் முளைக்குச்சிகளும் ஒரு டப்பா சுண்ணாம்புத் தூளுமாக மனைக்குப் போனான். மரத்தை முற்றமாக நடுவில் விட்டு, சுற்றிலும் பெரிய கூடம், வாசிப்பறை, தையல் வகுப்புக்கு ஓர் அறை, விளையாட ஓர் அறை, எல்லாவற்றுக்கும் கோடு போட்டான். சுவருக்கு இரட்டைக் கோடு. ஜன்னலுக்கு இடைவெளி. கதவுக்குக் கால் வட்டம்.

எட்டு மணிக்குத் தெருவே வந்துவிட்டது.

"அட, இதுதான் வாசலா!" என்ற தையற்கார அக்கா, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். ஆர்க்கிடெக்டுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவு ஏறக்குறைய பத்து நிமிடம் நீடித்தது.

"வாசிப்பறை ரெண்டு விரக்கடை குறையுது" என்றார் கணக்கு வாத்தியார். கையோடு அளவு நாடா கொண்டுவந்திருந்தார். "படத்துல பன்னெண்டு அடி. இங்க பன்னெண்டுக்கு ரெண்டு விரக்கடை கம்மி. அளவு தப்பான கட்டடத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"கட்டும்போது சரியா இருக்கும் சார்."

"கோட்டுலயே தப்புறவன் கல்லுல தப்ப மாட்டானா?"

கோட்டை அழித்துச் சரியாகப் போட்டான். அதனால் விளையாட்டறை இரண்டு விரற்கடை குறைந்தது. விளையாட்டறைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தையற்கார அக்கா தன் மிஷினை ஆள் வைத்துத் தூக்கிவந்து தையலறையில் போட்டிருந்தாள்.

"தம்பி, இந்த ஜன்னல கிழக்கால வச்சிட்டீங்க. காலைல வெயில் மூஞ்சிலயே அடிக்குது."

ஆர்க்கிடெக்ட் ஜன்னலைப் பார்த்தான். பிறகு, சுவரே இல்லாத நான்கு திசைகளையும் பார்த்தான். "அக்கா, வெயில் எல்லாப் பக்கமும்தான் வருது."

"ஜன்னல் வழியா வர்றதுதான் உறுத்துது. மாத்துங்க, கையெழுத்து தானா வரும்."

ஜன்னலை வடக்கே மாற்றினான். அக்கா மிஷினையும் நாற்காலியையும் திருப்பிப் போட்டுக்கொண்டு, "இப்பத்தான் இதமா இருக்கு" என்றாள். கையெழுத்து வரவில்லை. புகார் வந்தது.

"பக்கத்து ரூம்ல ஒரே சத்தம். அந்தக் கதவச் சாத்தச் சொல்லுங்க."

"அக்கா, அங்க கதவே இல்ல."

"இருக்கே. கால் வட்டமா போட்டிருக்கீங்களே. எப்பப் பாத்தாலும் திறந்தே கெடக்கு. சாத்துற மாதிரி ஒரு கதவு போடக்கூடாதா?"

அவனுக்குத் தலை கிர்ரென்றது. வரைபடங்களில் கதவுகள் எப்போதும் திறந்தே இருக்கும். உலகத்திலுள்ள எல்லாக் கட்டடங்களின் எல்லா வரைபடங்களிலும் அப்படித்தான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தான். பிறகு குனிந்து கால் வட்டத்தை அழித்துவிட்டு, நேர்க்கோடாகப் போட்டான்.

"ஆங்... சத்தம் நின்னுடுச்சு பாருங்க" என்றாள் அக்கா.

உண்மையிலேயே நின்றிருந்தது. உள்ளே இருந்தவர்கள் கதவு சாத்தியதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தியிருந்தார்கள்.

"முன்வாசலையும் சாத்திட்டுப் போங்க தம்பி. நாய் வருது" என்றார் செயலாளர். சாயங்காலம் எல்லாரும் கலைந்ததும் அதையும் சாத்தினான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவனுடைய வீட்டுக்கு வெளியே விசில் சத்தம் கேட்டது.

"என்ன தம்பி, இப்படிப் பண்ணிட்டீங்க? பதினேழு பேர் அங்க நிக்குறாங்க. பூட்டிட்டுப் போயிட்டா எப்படி?"

"பூட்டலையே சார்! எதைப் பூட்டினேன்?"

"முன்வாசல. நீங்கதானே நேத்து சாத்தினீங்க?"

"சுண்ணாம்பு சார் அது! தாண்டிப் போகலாம்ல?"

செயலாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சுவர் ஏறிக் குதிக்கிற வயசா எங்களுக்கு?"

அவன் போய்க் கதவைத் திறந்தான். அதாவது காலால் ஒரு கோட்டை அழித்து, கையால் ஒரு கால் வட்டம் போட்டான். பதினேழு பேரும் வரிசையாக உள்ளே போனார்கள். கடைசியாகப் போனவர் வாத்தியார். "இனிமே கொஞ்சம் நேரத்துக்கு வாங்க" என்றார்.

தினமும் விடியற்காலை வந்து கதவு திறக்க முடியாது என்பதால் சுண்ணாம்பு டப்பாவைச் செயலாளரிடமே ஒப்படைத்தான். அது இன்னும் பெரிய தப்பாகப் போனது. முப்பது வருடம் பஸ்ஸில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் ஆண்ட மனிதர் அவர். ஒரு மணி ஆனதும் விசிலடித்து எல்லாரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்தினார். மூன்று மணிக்குத் திறந்தார். சாப்பாட்டு நேரத்தில் உள்ளே மாட்டிக்கொண்ட வாத்தியார், வடக்கு ஜன்னல் வழியாக ஒரு காலைத் தூக்கிவைத்து இறங்க வேண்டியதாயிற்று. அதற்கு ஆர்க்கிடெக்டிடம்தான் எழுத்து மூலமாகப் புகார் வந்தது. ஜன்னல் உயரம் அதிகம் என்று.

அன்று மாலை மழை பெய்தது. தன் வீட்டு ஜன்னலருகே நின்று மழையைப் பார்த்த ஆர்க்கிடெக்டுக்குப் பல நாள் கழித்து நிம்மதி வந்தது. பெய்யட்டும். எல்லாம் கரைந்து போகட்டும். மழை விட்டதும், "பார்த்தீங்களா, நெசமான கட்டடம்னா கரையாது, கையெழுத்துப் போடுங்க" என்று கேட்டுவிடலாம்.

மழை விட்டது. விசில் கேட்டது.

"ஒரு மழைக்கே விழுந்துடுச்சே தம்பி!" செயலாளரின் முகத்தில் நிஜமான துக்கம். பின்னால் பத்துப் பேர். "வாசிப்பறை சுத்தமா போச்சு. நல்ல வேளை, உள்ள யாரும் இல்ல."

"என்னத்தப் போட்டுக் கட்டினீங்க?" என்றாள் தையற்கார அக்கா. "நம்ம தெருதானேன்னு மட்டமான சாமான் போட்டுட்டீங்களா?"

ஏழு வருடத்தில் அவன்மீது யாரும் அப்படிப் பழி சொன்னதில்லை. அவனுடைய சுற்றுச்சுவர்கள் நான்கும் இன்றைக்கும் ஆடாமல் நிற்கின்றன. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வியாழக்கிழமை விடிவதற்குள் சுண்ணாம்பில் சிமென்ட்டும் பசையும் குழைத்து, சுவர்களை எல்லாம் விரல் பருமனுக்குப் பூசி முடித்தான். கதவுகளை மட்டும் தூளாக விட்டான். திறக்க வேண்டுமே.

"இனி எந்த மழைக்கும் அசையாது" என்றான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "இப்பவாவது கையெழுத்துப் போடுவீங்களா?"

"சாயங்காலம் எல்லாரும் கூடிப் பேசுறோம்" என்றார் செயலாளர். "கூடத்துலதான். வேணும்னா எட்டு மணிக்கு மேலயும் திறந்தே வைக்கிறேன்."

வியாழக்கிழமை மாலை மனைவியைக் காணவில்லை. மருந்துக்கடையில் கேட்டான், கிளம்பி ஒரு மணி நேரம் ஆயிற்று என்றார்கள். தேடிக்கொண்டு மனைக்குப் போனான். அவள் வாசிப்பறையில் நாற்காலி போட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க என்ன பண்ற? நாளைக்குக் கடைசி நாள். இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான்!"

"ஷ்ஷ்" என்றாள் அவள். பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த நான்கு பேரும் நிமிர்ந்து அவனை முறைத்தார்கள்.

விளையாட்டறையில் செயலாளரும் கணக்கு வாத்தியாரும் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சாக்கடைக் குழாயின் சரிவைப் பற்றி எப்போதோ சண்டைபோட்டு, ஆறு வருடமாகப் பேசாமல் இருந்தவர்கள் அவர்கள். "அது என் குதிரைய்யா, வை கீழ!" என்று இப்போது ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்க்கிடெக்ட் அதைக் கவனிக்கவில்லை. அவன் கையெழுத்துக் காகிதம் எங்காவது தென்படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒரு சந்தேகம்" என்று தையலறையிலிருந்து குரல் வந்தது. "கட்டி முடிக்க எத்தனை நாளாகும்?"

"பதினாலு மாசம்க்கா."

"ஓ" என்றாள் அக்கா, நூலைப் பல்லால் கடித்தபடி. "அதுவரைக்கும் இங்க உக்கார முடியாதோ?"

"எப்படி முடியும்? கல்லு, மண்ணு, ஜல்லி எல்லாம் கொட்டிக் கெடக்கும்."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை நகராட்சி அதிகாரி கோப்போடு வந்தார். தெரு முழுக்கக் கூடத்தில் காத்திருந்தது. அதிகாரி வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார், தன்னுடையதையும் கழற்றினார். நல்ல உயரமான மனிதர். உள்ளே வரும்போது தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார். பேச்சு நடக்கும்போது தொந்தரவு வேண்டாமென்று செயலாளர் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கையெழுத்து ஆச்சா?" என்று கேட்டார் அதிகாரி.

"முப்பத்திரண்டும் ஆச்சு" என்று செயலாளர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

ஆர்க்கிடெக்டுக்குக் கண் கலங்கியது. முப்பத்திரண்டு! தலைகீழாக வரைபடம் பிடித்த அக்கா, இரண்டு விரற்கடை வாத்தியார், எல்லாரும் போட்டுவிட்டார்கள். இந்த மனிதர்களையா ஐந்து நாளாக மனதுக்குள் திட்டித் தீர்த்தோம் என்று வெட்கப்பட்டான்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். "கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள், எங்கள் பொதுக்கூடத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் வேறொரு கட்டடம் கட்டும் திட்டத்தை வன்மையாக எதிர்க்கிறோம்..."

"என்னது?" என்று எழுந்தான் ஆர்க்கிடெக்ட்.

"கோவிச்சுக்காதீங்க" என்றார் செயலாளர். "பதினாலு மாசம் நாங்க எங்க போறது?"

"அக்கா! நீங்களுமா?"

"நீங்க செயலாளர்கிட்ட சொன்னதுதானே தம்பி" என்றாள் தையற்கார அக்கா. "நிக்க வைக்கிறவர் இன்ஜினியர், உக்கார வைக்கிறவர் ஆர்க்கிடெக்ட்னு. நீங்கதான் எங்கள உக்கார வச்சிட்டீங்களே. இனி இன்ஜினியர் எதுக்கு?"

வாசிப்பறைப் பக்கம் மனைவியைத் தேடினான். அவள் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டாவது கையெழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது.

"பைத்தியமா உங்களுக்கெல்லாம்?" என்று கத்தினான். "சார், நீங்களே பாருங்க! சுவர் இருக்கா இங்க? கூரை இருக்கா? வெறும் கோடு சார்! ஒண்ணுமே இல்லாத காலி மனை சார் இது! காலின்னா காலி! குப்பை லாரிய நிறுத்தினாலும் நிறுத்துங்க, எனக்கு இனிமே ஒண்ணும் தெரியாது!"

அதிகாரி கோப்பைத் திறந்தார். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. காலி மனை. கட்டடம் உள்ள மனை. காலி மனை என்றால் மட்டுமே லாரிகளுக்குக் கொடுக்க முடியும். அவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டு யோசித்தார்.

ஆர்க்கிடெக்ட் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். வீடு மேற்கே. நேராக நடந்தால் இருபது அடியில் தெரு. வேகமாக நடந்து மேற்குச் சுவர் வரை போனவன், கோட்டின் முன்னால் நின்றான். பிறகு இடப்பக்கம் திரும்பி, சுவரோரமாகவே நடந்து, வாசிப்பறையைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தான்.

கதவு சாத்தியிருந்தது.

"யாராவது வந்து திறந்து விடுறீங்களா?" என்று எரிச்சலோடு திரும்பிப் பார்த்தான்.

செயலாளர் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினார். அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது கட்டத்தில் பேனாவை வைத்தார்.

"கட்டினவரே கதவத் திறக்கச் சொல்லி நிக்குறாரு. இத நான் எப்படிங்க காலி மனைன்னு எழுதுறது?"