மல்லாட்டைப் பெட்டியில் எடை கூடிய விவரம்

செல்வ மகள் அறிவுமதிக்கு,

சிங்கவரத்திலிருந்து நைனா ராஜாராம் எழுதுவது. இங்கு நான், உன் அம்மா மீனம்பாள், நீ விட்டுப்போன நாற்பது புழுக்கள் அனைவரும் நலம். ஹாஸ்டலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் குறுக்குக் கேள்வி கேட்பாய், அதனால்தான் கடிதம்.

ஒரே தாய்ப்பூச்சி இட்ட முட்டையில் வந்த புழுக்களை இரண்டு பெட்டியில் பிரித்து, ஒன்றுக்கு ஆமணக்கு இலை, இன்னொன்றுக்கு உன் புத்தகத்தில் நிலக்கடலை என்று போட்டிருக்கும் மல்லாட்டை இலை மட்டும் போட வேண்டும், தின்னும் செடியைப் பொறுத்து வளர்த்தி எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நீ காலேஜுக்குப் போய்விட்டாய். நானும் தினம் காலையில் ராஜாங்கத்தின் கொல்லைக்கு சைக்கிள் மிதித்து, வரப்பில் ஆமணக்கும் உள்ளே மல்லாட்டையும் பறிக்கிறேன். "ஊரே புழுவுக்கு மருந்து அடிக்குது, நீ இன்னாய்யா விருந்து வெக்கிற?" என்று அவன் கேட்கிறான். பிறகு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு செஞ்சியில் ரஹமத்தின் நாட்டு மருந்துக் கடைக்குப் போக வேண்டும், குங்குமப்பூ நிறுக்கும் தராசு அங்கேதான் இருக்கிறது. "அண்ணே, இது எந்த லேகியத்துக்குன்னு வர்றவங்கள்லாம் கேக்குறாங்க" என்று அவன் நொந்துகொள்கிறான். எனக்கு முட்டி வலி. ரிட்டயர் ஆனால் ஓய்வு என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன்.

எட்டு நாள் நீ சொன்னபடியே நடந்தது. ஆமணக்கு தின்றவை கொழுகொழுவென்று ஆயின, மல்லாட்டை தின்றவை நோஞ்சானாகவே இருந்தன. ஒன்பதாம் நாளிலிருந்து நோஞ்சான்களும் எடை ஏறியது எப்படி, ஆறு மாச உழைப்பு வீணாகிவிடுமே என்று நீ போனில் அழுதாய். முதலில் மழையைச் சந்தேகித்தேன், பிறகு தராசைச் சந்தேகித்தேன், ரஹமத் கோபித்துக்கொண்டான். கடைசியில் பார்த்தால் உன் அம்மா. "ஒரே பந்தியில ஒக்கார வெச்சிட்டு ரெண்டு விதமா பரிமாறலாமா, பாவம்ங்க" என்று முதல் நாளே புலம்பியவள், மல்லாட்டைப் பெட்டியிலும் ஆமணக்கைக் கிள்ளிப் போட்டிருக்கிறாள். கண்டித்துவிட்டேன். நீ அவளை ஒன்றும் கேட்காதே, அவளுக்கு இளகிய மனசு.

ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்து, உன் பேருக்கு முன்னால் டாக்டர் என்று எழுதும் நாளை நாங்கள் இருவரும் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்புள்ள நைனா,
ராஜாராம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உன் அம்மா படித்துவிட்டாள். "எல போட்டது நீங்க, பேரு எனக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். வாஸ்தவம். உன் அண்ணன் வளவனைத் திண்டிவனத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலும் உன்னை ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் போட்டவன் நான். அந்த ஒல்லிப் புழுக்கள் தலையைத் தூக்கிப் பக்கத்துப் பெட்டியைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. நாலே இலைதான் போட்டேன், தினமும். என்னை மன்னித்துவிடம்மா. மறுபடி முட்டையிலிருந்து ஆரம்பிக்கும்போது பெட்டிகளை வளவன் வீட்டில் வை. அவனுக்கு இதெல்லாம் உறுத்தாது.